இடக்கை வாள்வீரன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு மாதம் கழித்து, அதுவும் வேலையில் ஒரு தப்புச் செய்துவிட்ட பிறகு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வங்கி வேலையை விட்டுவிட்டு சினிமாவில் உடைப் பிரிவுக்குப் போன அன்று, "இனிமே என்கிட்ட பேசாத" என்றாய். பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

பழைய புத்தகக் கடையில் நீ எனக்கு வாங்கித் தந்தாயே, ஜப்பானியப் படக்கதை, அந்த வாள்வீரன் கதையைத்தான் இப்போது நடிகர்களை வைத்துப் படமாக எடுக்கிறோம். எனக்கு அது மனப்பாடம் என்பதால், நாயகனின் உடை, தழும்பு, வாள் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதும் வேலையை டைரக்டரம்மா என்னிடமே தந்தார். உன் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். பதினான்கு நாள் படப்பிடிப்பும் முடிந்துவிட்டது.

நேற்று ஜப்பானிலிருந்து மூலப் புத்தகம் வந்தது. அங்கே வலமிருந்து இடமாகப் படிக்கிறார்கள். நம் பதிப்பில் நமக்குத் தோதாக ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். தழும்பு இடக் கன்னத்தில்; நான் வலதில் போட்டிருக்கிறேன். அவன் வலக்கைக்காரன், எங்கள் நடிகர் பாவம், ஒரு மாதம் இடக்கையில் வாள் பழகினார். அவன் உடுத்தும் கிமோனோ அங்கியில் இடது மடிப்புதான் மேலே வர வேண்டுமாம். நான் வலதை மேலே போட்டேன். அங்கே பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்களாம்.

புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. வேறு யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

உன் தங்கை

பிப்ரவரி 13

தங்கச்சி,

கோவத்துல ஒரு வார்த்த சொன்னா எட்டு மாசம் அதையே பிடிச்சுட்டு இருப்பியா? 'வங்கியில இருந்திருந்தா இந்த வம்பே இல்ல'ன்னு எழுதத்தான் உக்காந்தேன். செத்தவன் வாளத் தூக்கிட்டு ஓடறத நெனச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. அளவு குடுக்க வந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, தனியா சிரிக்கற?"ன்னாங்க.

நான் ஒரு தடவ ஆம்பள சட்டைக்குப் பொத்தான பொம்பள சட்ட மாதிரி இடப்பக்கம் வெச்சுத் தெச்சுட்டேன். வாயத் தொறக்காம மடிச்சுக் குடுத்துட்டேன். அந்த ஆளு இன்னிக்கு வரைக்கும் கடப் பக்கம் வரல. நீ டைரக்டரம்மாகிட்ட சொல்லிடு. வேல போனா போகட்டும், வீடு இருக்குல்ல.

ஒண்ணு கேக்கறேன். புத்தகத்தத் திருப்பி அச்சடிச்சவங்க மாதிரி, படத்தையும் திருப்ப முடியாதா? கிறுக்குத்தனமா இருந்தா விட்டுடு.

அண்ணன்

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன். டைரக்டரம்மா இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "யாரும் கேக்கலையே, நீயா ஏன் வந்து சொன்ன?" என்றார். "எங்க அண்ணன் ஒண்ணு கேட்டாரு மேடம்" என்று உன் கேள்வியை உளறினேன்.

உடனே எடிட்டிங் அறைக்குப் போனோம்; எடிட்டர் ஏதோ ஒரு விசையைத் தட்டினார். தழும்பு இடக் கன்னத்துக்குப் போனது, வாள் வலக்கைக்கு வந்தது, அங்கியில் இருந்தவன் உயிரோடு நின்றான். பார்க்க வந்திருந்த நடிகர்தான், "அப்ப நான் ஒரு மாசம் பழகினது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் முகம் கழுவுகிற சாக்கில் போய் அழுதுவிட்டு வந்தேன். வேலை போகவில்லை, அண்ணா. அன்று இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

கடைத்தெருச் சண்டையை மட்டும் திருப்ப முடியாது. பின்னால் பெயர்ப்பலகைகள், எழுத்தெல்லாம் இடவலமாக மாறிவிடும். அதை மாதக் கடைசியில் மறுபடி எடுக்கிறோம். பழைய அங்கிகளைச் சண்டையில் அவிழாமல் இருக்க மடிப்போடு சேர்த்துத் தைத்திருக்கிறோம், மாற்றிப் போட வழியில்லை. புதிதாக நான்கு வேண்டும். இங்குள்ள தையல்காரர் இருபது நாள் கேட்கிறார். வேறு ஆள் தெரியுமா என்று மேடம் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டு வருவாயா, அண்ணா?

உன் தங்கை