எது அக்கரை

மார்ச் 3, செவ்வாய்

நம் ஊர் ஆம்புலன்ஸ் போன வருடமே படுத்துவிட்டது. இன்று முதல் ஆற்றின் இரண்டு கரை நகராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே வண்டி, அழைப்புகளை எடுக்க ஒரே தொலைபேசி மேஜை. மேஜை மேற்குக் கரையில், அவர்கள் கட்டடத்து மாடியில். பதினான்கு வருடம் கிழக்கே, நம் ஊரிலேயே, போன் எடுத்த நான் இனி தினமும் பாலம் தாண்ட வேண்டும். நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது. டீ மட்டும் நம் ஆபீஸை விட நன்றாக இருக்கிறது. இதை நம் ஊரில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

வீட்டுக்காரருக்குக் கேலி. "அக்கரைக்குப் போனதும் அக்கறை கூடிடுச்சே! பத்து நிமிஷமா தலை வாருற."

மார்ச் 9, திங்கள்

மூன்று மாதம் பார்த்துவிட்டு மேஜைக்கு ஒரு தலைமை போடுவார்களாம். எனக்குத்தான் வரும். வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 20, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பத்து நாற்பது. ஒரு பெண். கணவர் தையல்காரர், மிஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் கோணி வலது கை தொங்கிவிட்டது. "பள்ளிக்கூடத் தெருங்க, அக்கரைங்க" என்றார். டிரைவரிடம் மேற்குக் கரைப் பள்ளிக்கூடத் தெரு என்று சொன்னேன். அந்தப் பெயரில் இரண்டு ஊரிலும் தெரு உண்டு. "வண்டி வந்துட்டே இருக்கும்மா, லைனை வைக்காதீங்க" என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

ஏழு நிமிடம் கழித்து இன்னொரு போனில் டிரைவர். "இந்தத் தெருவுல தையல்கடையே இல்லைக்கா."

அப்போதுதான் உறைத்தது. மேஜை மேற்கே இருக்கிறது என்று தெரிந்து, எனக்குப் புரியட்டும் என்றுதான் அந்த அம்மா கிழக்கே இருக்கும் தன் ஊரை அக்கரை என்று சொல்லியிருக்கிறார். எனக்கோ பிறந்ததிலிருந்து அக்கரை என்றால் மேற்குதான். அந்த மேற்கிலேயே உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்டிருக்கிறேன்! எந்தக் கரை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

வண்டி திரும்பி, பாலத்து நெரிசலில் மாட்டி, போய்ச் சேர இருபத்தாறு நிமிடம்.

மார்ச் 21, சனி

தையல்காரர் பிழைத்துவிட்டார். வலது கை வரவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். மேலே கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நம் நகராட்சித் தலைவர் கத்தித் தீர்த்துவிட்டார். "அக்கரை டிரைவருக்கு நம்ம தெரு எப்படித் தெரியும்? ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுங்க!" கிழித்தால் நம் ஊருக்கு வண்டியே கிடையாது. டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "சொன்ன எடத்துக்குத்தான் போனேன் சார்" என்றார் அவர். மேற்கு என்று நான்தான் சொன்னேன் என்று காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி இன்னும் மாட்டவில்லை.

நான் மண்ணு மாதிரி உக்காந்திருந்தேன். தலைமை நாற்காலி போயிடுமேன்னு. சே, என்ன பொம்பள நான்?

மார்ச் 25, புதன்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்ப அந்த டிரைவர்?" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

இரண்டு நகராட்சியும் கூடிய கூட்டம். எழுந்து நின்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்று. ஒன்றையும் விடாமல் முழுதும் சொன்னேன்.

தலைவர் என்னையே பார்த்தார். "நீ நம்ம ஊர்க்காரிதானேம்மா?"

"ஆமா சார். தையல்காரரும் நம்ம ஊர்தான்."

ஒப்பந்தம் தப்பித்தது. டிரைவருக்கு வேலை திரும்பியது. இனி மேஜையில் யாரும் அக்கரை என்று எழுதக் கூடாது. கிழக்கா மேற்கா என்று கேட்டே ஆக வேண்டும். என்னைச் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதுவும் இப்போது இரண்டு ஊருக்கும் பொது.

ஏப்ரல் 2, வியாழன்

படிக்கட்டில் டிரைவரைப் பார்த்தேன். ஒதுங்கி வழி விட்டார். எந்த முகத்தோடு நான் பேச்சுக் கொடுப்பது?

ஜூலை 14, செவ்வாய்

ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டியிருக்கிறார்கள்.

இன்று மாற்றுத்திறனாளி உதவிக்கு விண்ணப்பம் வாங்க ஒரு பெண் வந்தார். "உட்காருங்கம்மா. யாருக்கு விண்ணப்பம்?" என்றேன். பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் குரலைக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்தார்.

"அன்னைக்கு போன்ல பேசினது நீங்கதானே? என் வீட்டுக்காரர் தையல்காரருங்க. கடைசி வரைக்கும் லைனை வைக்காம பேசினீங்களே. நீங்க இல்லேன்னா அன்னைக்கு நான் பயத்துலயே போயிருப்பேன்."

நகராட்சியிலிருந்து அவர்களுக்குப் போன கடிதத்தில் 'நிர்வாகக் கவனக்குறைவு' என்று மட்டும்தான் இருந்தது. தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"வண்டியைத் தப்பான தெருவுக்கு அனுப்பினதும் நான்தாம்மா."

அவர் பையை மெதுவாக மூடினார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். பிறகு அந்த அம்மா விண்ணப்பத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அவர் கையெழுத்து எங்க போடணும்?"

இடத்தைக் காட்டினேன். முடியாவிட்டால் இடது பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்றேன்.

"ரேகையெல்லாம் வேணாம். இடது கையால எழுதப் பழகிட்டு இருக்கார். இன்னும் ஒரு மாசத்துல வந்துடும். அப்ப நானே அவரைக் கூட்டிட்டு வரேன்."

தாளை மடித்துப் பையில் வைத்தார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

"அப்பவும் நீங்கதானே இங்க இருப்பீங்க?"

இருப்பேன் என்றேன்.