நீ விட்டுவைத்த பாதிப் பக்கம்

என் கண்ணான தம்பி வேலுவுக்கு,

உன்னை ரீப்பர் கட்டையால் அடித்த அண்ணன் எழுதுகிறேன். நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்கு உன் போட்டோவைப் போட்டு நோட்டீஸ் அடித்துக் கடைத்தெருவில் ஒட்டுவேன். இந்த வருஷம் போட்டோ இல்லை. இந்தக் கடிதத்தைத்தான் அச்சாபீசில் கொடுக்கப் போகிறேன். விருத்தாசலத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லாரும் படிக்கட்டும்.

ஊர்ச் சேதி முதலில் சொல்லிவிடுகிறேன். எமர்ஜென்சி என்று ஒன்று வந்து போனது. பி.யு.சி. போய்விட்டது, பிளஸ் டூ என்று பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டார்கள். அதனால் நம் பக்கத்துக் கல்லூரியில் கூட்டம் குறைந்துவிட்டது. நான் அங்கே கமிட்டியில் இருக்கிறேன். சிரிக்காதே. எட்டாவது தாண்டாதவன் கல்லூரிக் கமிட்டியில் இருப்பது எனக்கே வேடிக்கைதான். கட்டடம் கட்டிக் கொடுத்தேன், நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கமிட்டியில், சரித்திர வகுப்பை மூடிவிட்டு வாணிபம் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தமிழ் வகுப்பையும் சுருக்கலாம் என்றார்கள். யோசனையை முதலில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். "சரித்திரம் படிச்ச பையன் கப்பு விப்பானா, கல்லு ஒடைப்பானா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ரைஸ்மில்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பீங்கான் ஆலையில் கழித்துப்போட்ட கப்பு சாசரைத் தலையில் சுமந்து விற்று மேலே வந்தவன் நான். கடைத்தெருவில் கடை வைத்த பிறகும், சந்தை நாளில் சரக்குப் பரப்ப எனக்குச் சந்தை வாசல் வேண்டியிருந்தது. அங்கே நம் ஊரோரத்துச் சூளைமேட்டுக்காரர்கள் பானை சட்டி பரப்பியிருந்தார்கள், அவர்கள் அப்பன் காலத்திலிருந்து. ஒரு சந்தை நாளில் வாய்த் தகராறு கைத் தகராறு ஆனது. அஞ்சலை என்று பானை விற்கிற பெண்பிள்ளை, அவள் புருஷனுக்கு நெற்றி பிளந்து எலும்பு தெரிந்தது. அவர்கள் என் கடைக்குள் புகுந்து தடியால் விளாசினார்கள். முழுக் கப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைத்தெரு ஆட்கள் சூளைமேட்டுக்குப் போய்க் கூரையில் நெருப்பு வைத்தார்கள். ஏழு குடிசை எரிந்தது. ஒரு குடிசையில் கட்டியிருந்த ஆடு கத்தினது எனக்கு இன்னும் கேட்கும்.

போலீசில் நான் சொன்னேன்: "அவங்கதான் மொதல்ல கல்லால அடிச்சாங்க." கடைத்தெரு முழுக்க அதையே சொன்னது. சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

நீ அப்போது பல்கலைக்கழகத்தில் சரித்திரம் எம்.ஏ. கடைசி வருஷம். பீங்கான் படிப்புப் படிடா என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தவன். உங்கள் வாத்தியார் அவரவர் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னாராம். நீ இந்தச் சண்டையை எடுத்துக்கொண்டாய். நோட்டோடு சூளைமேட்டுக்குப் போனாய், கடைத்தெருவுக்கு வந்தாய், கடைசியில் என்னிடம் வந்தாய்.

"அண்ணே, மொதல்ல எறிஞ்சது யாரு?"

"அவனுங்கதான். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும்னு எழுதிக்கவா, நீங்க பாத்தீங்கன்னு எழுதிக்கவா?"

"பாத்தேன்னே எழுதிக்க."

எழுதிக்கொண்டு போனாய். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, மெதுவாகத்தான் கேட்டாய். "அண்ணே, அஞ்சலைக்கா சொல்லுது, மொதல்ல வந்தது கல்லே இல்லியாம். வெள்ளை மூடியாம், நீலக்கோடு போட்டதாம். அந்த ஊறுகா ஜாடி மூடி அன்னைக்கு சந்தையில யாருகிட்ட இருந்துச்சு?"

என்னிடம் மட்டும்தான் இருந்தது.

கப்பு அனுப்புகிற மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ரீப்பர் கட்டையாலேயே அடித்தேன். தோளில், முதுகில், தடுக்க வந்த கையில். கட்டையில் ஆணி இருந்ததை ரெண்டாவது அடிக்கு அப்புறம்தான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. நீ திருப்பி அடிக்கவில்லை. "நோட்ட மட்டும் குடுத்துடுங்கண்ணே" என்றாய்.

கொடுக்கவில்லை. தாள் தாளாகக் கிழித்தேன். வைக்கோலோடு சேர்த்துக் கப்புகளைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஒரு பெட்டி ஸ்ரீமுஷ்ணம், ஒன்று நம் பக்கத்து மங்களூர், ஒன்று சேத்தியாத்தோப்பு. நல்ல தாள் வீணாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மனசு கேட்காமல் உன்னிடம் வந்து, "பரிட்சைக்குத்தானடா, ஞாபகத்துலேர்ந்து எழுதிக் குடு" என்றேன். வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "அவங்க சொன்ன வார்த்தை இல்லாம நான் எழுதினா, அதுவும் நீங்க சொல்ற மாதிரி ஒரு கதையாத்தான் இருக்கும்ணே." திரும்பவும் சூளைமேட்டுக்குப் போனாய். நீ அடி வாங்கின சேதி உனக்கு முன்னால் போயிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. கட்டுரை கொடுக்காததால் உன் எம்.ஏ. அதோடு நின்றது.

அடுத்த வருஷம் அதே சந்தை வாசலில் திரும்பவும் மூண்டது. கடைத்தெருப் பையன்கள் கல்லைக் குவித்துக்கொண்டு, "போன தடவ அவனுங்க முந்திக்கிட்டானுங்க, இந்தத் தடவ நாம முந்தணும்" என்றார்கள். அது என் வாக்கியம். நான் பெற்று ஊரில் விட்டது. நீ ஓடிப்போய் நடுவில் நின்றாய். "டேய், போன தடவ அவங்க எறியலடா" என்று கத்தினாய். அந்த வார்த்தை முடிவதற்குள் உன் காதுக்குப் பின்னால் ஒரு கல் விழுந்தது.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டை முழுக்க உன் ரத்தம். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது உன் ஒற்றைச் செருப்பு விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. நின்றிருந்தாலும் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே நீ முடிந்துபோனாய்.

அந்தக் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது வேலு? நீ எங்களைப் பார்த்துக் கத்தினாய், அதனால் கல் அவர்களுடையது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய், கல் எங்களுடையதுதான் என்று சிலர். ரெண்டு பக்கமும் போய்க் கேட்டு எழுதிவைக்க ஊரில் ஆளில்லை. இருந்த ஒருவனையும் கொன்றுவிட்டோம்.

போன மாசம் வசூலுக்குச் சேத்தியாத்தோப்பு போனேன். டீக்கடைக் காதர் பாய், தன் மகள் கல்யாணத்துக்காகப் பரணில் கிடந்த பழைய பெட்டியை இறக்கியிருந்தார். "உங்க கடைப் பெட்டிதான் மொதலாளி, பாதிக் கப்பு பிரிக்காமலே கெடந்துச்சு" என்றார். கப்பில் சுற்றியிருந்த தாளை நீவி என் முன்னால் வைத்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குது, தூக்கிப்போட மனசு வரல. யாரு இந்த அஞ்சலை?"

உன் கையெழுத்து. மேல் பாதியில் அஞ்சலை சொன்னது, அவள் பேசினபடியே, அவள் என்னைத் திட்டினதும் சேர்த்து. அதற்குக் கீழே நீ உனக்காக எழுதிக்கொண்டது: ‘அண்ணனிடம் மறுபடி கேட்க வேண்டும். அவர் சொல்வதற்கும் இதே அளவு இடம் விட்டிருக்கிறேன்.’

மிச்சப் பாதி வெள்ளையாக இருந்தது. டீ ஆறிப்போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன மொதலாளி, சக்கரை போதலயா?" என்று காதர் பாய் கேட்டார்.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனேன். சரித்திர வகுப்பை மூட வேண்டாம் என்றேன். ரைஸ்மில்காரர் விடவில்லை. "ஏன்யா தணிகாசலம், மூடணும்னு சொன்னதே நீதான? ராத்திரி எதாச்சும் ராஜா கனவுல வந்தாரா?" என்றார். பிறகு, "காரணம் சொல்லு, கேக்கறோம்" என்றார். காரணத்தைச் சொன்னால் அந்த ஜாடி மூடியைச் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் வாய் திறக்காவிட்டால் மூடிவிடுவார்கள்.

நான் வியாபாரி, உள்ளதைச் சொல்கிறேன். உன் நோட்டு பத்திரமாக இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்ல மாட்டேன். கல்லை எடுக்கிறவன் படித்துப் பார்த்துவிட்டா எடுக்கிறான்? சரித்திரம் படித்த பையன்கள் வேலை கேட்டு என் கடைக்கு வருகிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்குப் படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. அதுவும் நிஜம். ஆனால் வாணிபம் படிக்க என் கடையில் ஆறு மாசம் நின்றால் போதும், கல்லூரி எதற்கு? எதிராளி சொன்னதை, சொந்த அண்ணனுக்கே ஆகாததாக இருந்தாலும், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதவும், அந்த அண்ணனுக்கும் அதே அளவு இடம் விடவும் எந்தக் கடையில் கற்றுக்கொடுக்கிறார்கள்? நான் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில் அந்த வெள்ளைப் பாதியில் என் கோணல் எழுத்தில் எழுதினேன். அதை இங்கேயும் அப்படியே போடுகிறேன்.

‘சந்தை வாசலில் முதலில் எறிந்தது நான். ஊறுகாய் ஜாடி மூடி, நீலக்கோடு போட்டது. அஞ்சலை புருஷன் நெற்றியைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவர்கள் கையில் அப்போது கல் இல்லை. போலீசில் பொய் சொன்னேன். கேட்டவன் வேலு. சொன்னவன் அவன் அண்ணன்.’

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலில் சூளைமேட்டுக்குப் போவேன். அஞ்சலை படலைத் திறந்தாலும் சரி, விளக்குமாற்றை எடுத்தாலும் சரி, அவள் காதில் விழப் படித்துவிட்டுத்தான் திரும்புவேன். திங்கட்கிழமை கமிட்டியில் படிப்பேன். அதற்கு மேலும் மூடுகிறோம் என்றால் என் நாற்காலியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மூடவில்லை என்றால், அங்கே படிக்கிற பிள்ளைகளில் ஒருவனை நோட்டோடு என்னிடம் அனுப்பச் சொல்வேன். உன்மேல் விழுந்த கல்லைப் பற்றி அவன் ரெண்டு பக்கமும் கேட்கட்டும். முதலில் என்னைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருஷம் கழித்து உனக்குப் பதில் சொல்கிற
உன் உடன்பிறந்த அண்ணன்
தணிகாசலம்