ராஜாவுக்கு இன்னும் தலை வைக்கவில்லை

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டில் இடியப்பம் அவியவில்லை. புது இடியப்ப உரலின் கைப்பிடி மாவோடு மல்லுக்கட்டிக் கழன்றுவிட்டது. கராஜில் கிடந்த பழைய உரலைத் தேடியெடுத்துக் கழுவிய என் மனைவி, அடித்தட்டை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். இழை வருகிற துளைகளில் ஒன்று மட்டும் அடைபட்டிருந்தது. ஊசியால் குத்தினாள். எள்ளளவில் பச்சையாக ஒன்று கழன்று விழுந்தது.

"இஞ்சேருங்கோ, இது அண்ணையின்ட பச்சைக் களியெல்லோ," என்றாள். உன்னைத்தான் அவள் அண்ணை என்பாள்.

குழைத்த மாவை அப்படியே மூடி வைத்துவிட்டாள். வெதுப்பிய பாண் துண்டுகளைச் சாப்பிட்டோம். நான் அந்தப் பச்சைத் துண்டைத் தண்ணீரோடு போகவிடாமல் விரல் நுனியில் ஒற்றி எடுத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினிக்குள் நின்றேன்.

நீ அந்த உரலை இரவல் கேட்டு வந்தது நினைவிருக்கிறதா? கிரவீன் பகுதியில் நாலு பேர் பங்கு போட்ட வீட்டில் உனக்கொரு அறை. அங்கிருந்து நடந்தே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெண் கேட்க வந்தவன் மாதிரி நின்றாய்.

"தங்கச்சி, இடியப்ப உரலை ஒருக்கால் தருவீங்களோ?"

"ஏன் அண்ணை, உங்கட வீட்டில ஆர் மா குழைக்கிறது?"

"சாப்பிடுறதுக்கில்லை. ஜேம்ஸ் ராஜாவின்ட ஆக்களுக்குக் கழுத்துப்பட்டி செய்யவேணும்."

அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இப்படியான சிநேகிதர்களை எங்கே பொறுக்குகிறாய் என்ற பார்வை.

நானூறு வருசத்துக்கு முன், ஜேம்ஸ் ராஜா காலத்து இங்கிலாந்துப் பெரிய மனிதர்கள், தட்டில் வைத்த இடியப்பம் போல ஒன்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டித் திரிந்தார்களாம். உன் பொம்மைச் சிப்பாய்கள் பாதிச் சுண்டுவிரல் உயரத்து ஈய மனிதர்கள். அவர்களுக்கும் அது வேண்டுமாம். மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தால் பச்சையாகி, பிறகு கல்லாக இறுகுகிற களியை உரலுக்குள் வைத்து அழுத்தினாய். வந்த இழையில் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, பல் செதுக்குகிற கத்தியால் மடிப்பு மடிப்பாக அமத்தினாய். உரல் திரும்பி வந்ததும் அவள் முகர்ந்து பார்த்தாள். "இனி இதில நீங்களே பிழிஞ்சு அவிச்சுச் சாப்பிடுங்கோ அண்ணை," என்றுவிட்டுப் புது உரல் வாங்கப் போனாள்.

வவுனியாவில் நீ செயற்கைப் பல் கட்டுகிறவன். இங்கே கோழி வெட்டுகிற பக்டரி. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபம் துடைக்கிற வேலை. அங்கேதான் வெள்ளைக்காரக் கிழவர்கள் பெரிய மேசையில் சிப்பாய்களை நிரைநிரையாகத் தள்ளி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்பதைக் கண்டாய். கை உடைந்த ஒரு குதிரைக்காரனை, அவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் ஒட்டிக் கொடுத்தாய். அதன் சொந்தக்காரக் கிழவர் வாயைப் பிளந்தாராம். நீ பார்த்தது அவருடைய கடைவாய்ப் பல்லை. "கட்டினவன் வடிவாக் கட்டேல்லை மச்சான்," என்று வீட்டுக்கு வந்து கவலைப்பட்டாய்.

ஏன் இந்த ஜேம்ஸ் ராஜா காலத்தைப் பிடித்தாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் என் சரித்திரப் பரீட்சைத் தாளைத் திருத்திய வாத்தியாரே சிரித்துச் சிரித்துக் களைத்துப்போன ஆள் நான். எனக்கு எல்லா ராஜாவும் ஒன்றுதான். நீ பொறுமையாக விளக்கினாய். இவருக்கு முன்னால் இருந்த ராணியின் காலத்துக்குச் சிப்பாய்கள் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். பின்னால் வந்த உள்நாட்டுச் சண்டைக்கும் விற்கிறார்கள். நடுவில் இவருடைய ஆட்களை ஈயத்தில் வார்ப்பவர்கள் குறைவு. முந்தினவன் உடம்பையும் பிந்தினவன் தலையையும் வெட்டி, கம்பி குத்தி, ஒட்டித்தான் செய்யவேண்டும்.

"இவங்களும் எங்களைப் போலதான்ரா. அங்கையுமில்லை, இங்கையுமில்லை."

"அதுக்கு?"

"இந்த மனுசனுக்கு உருவின வாளைக் கண்டாலே ஆகாதாம். சண்டையெண்டால் பின்னுக்கு நிப்பாராம்."

"சண்டைக்குப் போகாத ராஜாவுக்கு என்னத்துக்கடா படை?"

"அந்தப் படையில இருந்தா ஒருத்தனும் சாகமாட்டான்," என்றாய். இருவரும் சிரித்தோம். எதைத் தாண்டி வந்து சிரிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தோம்.

ஒரே அகதி வள்ளத்தில் இந்த நாட்டுக்கு வந்தோம். எனக்கு விசா கிடைத்தது, மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். உனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று படித்தவர்கள் விளக்கினார்கள். எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விசா மறுப்பு வருகிற ஒவ்வொரு முறையும் நீ இன்னொரு பெட்டி சிப்பாய் தபாலில் எடுப்பித்தாய். மற்றவர்கள் குடித்தார்கள். நீ இருபது பேருக்குத் தொப்பி மாற்றினாய், கூரான தொப்பி, ஒரு பக்கம் இறகு.

ராஜாவையும் நீயே செய்தாய். வலது கையில் இருந்த வாளை அறுத்தெறிந்துவிட்டு, தூரிகையின் ஒற்றை மயிரால் ஓர் இறகுப் பேனை வைத்தாய்.

"ராஜாவுக்கு வாள் இல்லையோ?"

"அவர் கையெழுத்து வைக்கிறவர்."

தலை மட்டும் வைக்கவில்லை. லொசிஞ்சர் மிட்டாய் டப்பா நிறையத் தலைகள் சேர்த்துவைத்து, கடைசியில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தாடி செதுக்கி, கண்ணுக்குப் புள்ளியும் வைத்து, வேறொரு டப்பாவில் தனியாக மூடினாய். மிளகளவு தலை. "உன்ர ராஜாவுக்குத் தலை எப்பவடா?" என்று போகிற வருகிற நேரமெல்லாம் பகிடி பண்ணினேன். "பொறு, முகம் சரிவரேல்லை," என்பாய். மண்டபத்துக் கிழவர்களும் உன் படை எப்போது மேசைக்கு வரும் என்று கேட்டுக் கேட்டு, அவர்களிலே இரண்டு பேர் செத்தும்போனார்கள்.

பிறகு நீ. வேலைத்தளத்தில், சாப்பாட்டு நேரம், கதிரையில் இருந்தபடியே. வருசக்கணக்காகப் போக முடியாத ஊருக்கு உன்னைப் பெட்டியில் அனுப்பினோம். தவழ்கிற வயதில் விட்டுவந்த மகள், அப்பாவை முழு ஆளாக முதல்முதல் பார்த்தது அப்போதுதான். படையும் அந்த உரலும் என் கராஜில் தங்கிவிட்டன.

அதை எப்படியாவது முடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கொரு வெறி வந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதுதான் உண்மை. என் கையை உனக்குத் தெரியும். பாரம் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற கை. அதில் மிளகு பிடித்தால் மிளகைக் காணாது. மிச்சத் தலைகளில் பழகினேன். ஒன்றைப் பெருமையாக மகனிடம் காட்டினேன். "டாட், இட்ஸ் அப்சைட் டவுன்," என்றான். தலைகீழாக ஒட்டியிருக்கிறேனாம். இன்னொரு நாள் பெருவிரலோடு ஒரு சிப்பாயை ஒட்டிக்கொண்டேன்; நகப்பூச்சு கழுவுகிற தண்ணியால் மனைவி என்னை விடுதலை செய்தாள். நீ தெரிந்தெடுத்த தலையை மட்டும் தொடவில்லை. கராஜில் வைத்தால் தொலைந்துபோகும் என்ற பயத்தில், டப்பாவோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்வந்தேன்.

மேய்ஸ் ஹில் கோயிலில் பழக்கமான ஓர் அன்ரி இந்த வாரம் ஊருக்குப் போகிறா. படைப் பெட்டியை உன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறன் என்று சொன்னா. அதனால், பாண் சாப்பிட்ட கையோடு கராஜுக்குப் போய், இன்றைக்கு ஒட்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து உன் மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"மாமா, விரலெல்லாம் என்ன வெள்ளையாக் கிடக்கு?"

"குளூ பிள்ளை. ராஜாவுக்குத் தலை ஒட்டப்போறன். பாத்துக்கொண்டிரு."

"வேண்டாம் மாமா."

"பயப்பிடாதை. இந்தமுறை மேல்பக்கம் மேலதான் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா ஏன் ஒட்டேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"முகம் சரிவரேல்லை எண்டவன்."

"இல்லை. சின்னனில, எங்களை எப்ப கூப்பிடுவியள் எண்டு கேப்பன். ராஜா கையெழுத்து வைக்கவேணும் பிள்ளை, அவருக்கு இன்னும் தலை வைக்கேல்லை, தலை இல்லாமல் எப்பிடி வாசிச்சுக் கையெழுத்து வைப்பார் எண்டுவார். ஒவ்வொரு முறையும் தலை வந்திட்டுதோ எண்டுதான் முதல் கேக்கிறனான்."

"நீ நம்பினியோ?"

"எட்டு வயசு வரைக்கும். பிறகு அப்பாவுக்காகக் கேட்டனான்."

மச்சான், குளூப் போத்தல் திறந்தபடி இருந்தது. அதை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"இப்ப நீங்கள் தலையை வைச்சா," என்றாள், "தலையும் இருக்கு, பேனையும் இருக்கு. பிறகும் ஏன் மாமா அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கேல்லை?"

இந்த நாட்டில் எனக்கு வாக்கு இருக்கிறது, வீடு இருக்கிறது, ஃபோர்க்லிப்ட் லைசென்ஸ் இருக்கிறது. எல்லாம் எனக்குக் கிடைத்த ஒரு கையெழுத்தால் வந்தவை. பின்னால் குசினியில் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஃபோனில் உன் மகளின் நெற்றியைப் பார்த்தபடி இருந்தேன். உன்னுடைய நெற்றி.

"மற்ற எல்லாரையும் அனுப்புங்கோ," என்றாள் கடைசியில். "ராஜாவையும் அப்பிடியே அனுப்புங்கோ. தலை உங்களிட்டை இருக்கட்டும். நான் வந்து வாங்கிறன்."

எப்படி வருவாய் என்று கேட்க வாய் வரை வந்தது. எந்த விசாவில், யார் கூப்பிட்டு, எந்த ராஜா கையெழுத்து வைத்து? கேட்கவில்லை. "ஓம் பிள்ளை, வந்து வாங்கு," என்றேன். நீ அவளுக்குச் சொன்ன கதையை, நீ போன பிறகு, அவள் எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நானும் நம்புகிறவன் மாதிரித் தலையாட்டினேன். எனக்கு எட்டு வயது எப்போதோ முடிந்துவிட்டது.

உன் ஆட்களைப் பஞ்சு சுற்றி அடுக்கிவிட்டேன். கழுத்தில் இடியப்பத்தோடு, ஒருத்தனும் சாகாத படை. ராஜா மேலே, தலையில்லாமல், பேனையைப் பிடித்தபடி. காலையில் எடுத்த அந்தப் பச்சைத் துண்டையும் அவருடைய காலடியில் ஒட்டிவிட்டேன். அது மட்டும் எனக்குச் சரியாக ஒட்டியது.

டப்பா மறுபடி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஃபோர்க்லிப்ட் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தலை உள்ளே கிலுங்கும். சத்தம் கேட்டால் நெஞ்சு ஆறும். கேட்காவிட்டால், பாரத்தைத் தூக்கினபடியே வண்டியை நிறுத்திவிட்டு, பையைத் தடவிப் பார்க்கிறேன். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான். அடிக்கட்டும்.