ஒன்றரை மணிக்கு இறக்கிய மெயின்

கோபப்படத் தெரியாத என் அத்தானுக்கு,

ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? திட்டு வாங்க வேண்டிய நேரத்தில் நீங்கள் இல்லை.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நம் டைப்பிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்து முழிக்கிற பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிய கணிதப் புத்தகம் அதில்தான் இருந்தது. பன்னிரண்டு பாடம். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் இன்னும் வந்து, "அக்கா, சார் புஸ்தகம் எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள்.

முதலில் நான் பயப்படவில்லை. இன்னொரு டிஸ்க் மாட்டி, தினமும் மதியம் ஒன்றரைக்கு எல்லாம் தானாகவே அதில் காப்பி ஆகும்படி வைத்திருந்தீர்களே. "ஏட்டி, இனி அதுவே பாத்துக்கிடும். நீ நிம்மதியாச் சாப்பிடப் போ," என்றீர்கள்.

போனேன் அத்தான். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போனேன்.

ராஜபாளையம் மில்லில் எட்டு வருஷம் இருந்தவள் நான். பஞ்சு கிடக்கிற இடம், தீப்பிடித்தால் தாங்காது. கடைசியாக வெளியே வருகிறவர்தான் மெயினை இறக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு மணிக்கே நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் கம்ப்யூட்டரை மூடி, மெயினை இறக்கி, கடையைப் பூட்டுவேன். நீங்கள் திரும்புவதற்குள் வந்து எல்லாவற்றையும் போட்டும் விடுவேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்த மெக்கானிக், "ஒரே ஒரு நாள்தான் காப்பி ஆயிருக்கு," என்றார். தேதியைப் பார்த்தேன். காய்ச்சல் என்று நான் லீவு போட்ட நாள். அன்றைக்கு நீங்கள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கடையிலேயே சாப்பிட்டீர்கள். அதுவரை எழுதிய நான்கு பாடம் இருக்கிறது. மீதி எட்டும் போய்விட்டது.

விஷயம் தெரிந்து என் அக்கா அழக்கூட இல்லை. "அவிய எதையும் சரியாச் செய்வாவன்னு நெனச்சேன். இதுல கோட்ட விட்டுட்டாவளே," என்றாள். பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. பதில் சொல்ல முடியாதவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிற்கிறேனே, நான் என்ன மனுஷி?

இன்று மதியம் அவள் கடைக்கு வருகிறாள். மெயின் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, இறக்கியது என் கைதான் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

நீங்கள் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள், அத்தான்.

உங்கள் கொழுந்தியாள்,
செல்வி