ஐந்தடி ஆறு

2006 மார்ச் 29, புதன்

தோற்றுவிட்டோம். ஏதோ நானும் ஓடினவள் மாதிரி எழுதுகிறேன். அரையிறுதி, கடைசி நிமிடம் வரை சமன். பிறகு தென்லண்டன்காரிகள் இரண்டு முறை கூடையில் போட்டார்கள், முடிந்தது. வெல்ஸ்டெட் கல்லூரிப் பிள்ளைகள் அழவில்லை. வரிசையாகப் போய் எதிரணிக்குக் கை கொடுத்தார்கள். நான்தான் கழிவறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

"அந்தக் கொலிஜ்ஜில உமக்கு ஆர் இருக்கினம்?" என்று இவர் கேட்டார். சண்முகராசாவுக்கு இது ஒரு நிரந்தரக் கேள்வி. ஒருவரும் இல்லை என்பது நிரந்தரப் பதில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்கு அங்கே ஒதுங்கினேன். நான் வேலை செய்கிற நகரக் கவுன்சிலில் புதன் அரைநாள். உள்ளே பெண்பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து ஆடினவள். அதில் பந்து கைக்கு வந்தால் நட்ட மரமாக நிற்கவேண்டும். இவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுகிறார்கள்! அன்று முதல் மழை இல்லாவிட்டாலும் ஒதுங்குகிறேன்.

அடுத்த வருடம்? ரூத்தா இருப்பாள், அது போதும். லித்துவேனியாப் பிள்ளை, அணியிலேயே குள்ளம். ஒருபக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்து கொடுப்பாள். அவளுக்குப் பிடரியிலும் கண் இருக்கிறது. ஆனால் எங்கள் நெட்டைப் பிள்ளை தெமி போகிறாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் கொடுத்து எடுத்துவிட்டது. நல்லாயிருக்கட்டும். ஆனால் கூடைக்குக் கீழே நிற்க உயரமான பிள்ளை இல்லாத அணி கூரை இல்லாத வீடுதான்.

ஏப்ரல் 5

பயிற்சியாளர் பெவர்லி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக உயரமான பிள்ளை தேடுகிறார். வோல்தம்ஸ்டோவில் ஒருத்தியைப் பார்த்தாராம், தென்லண்டன் கல்லூரி முந்திக்கொண்டதாம். பார்க்கிங் என்கிற ஊரில் ஒருத்தி, ஆறடி. அவள் முடியலங்காரம் படிக்கப் போகிறாளாம். ஆறடியை வைத்துக்கொண்டு முடி வெட்டப் போகிறாள்! பல்லில்லாதவனுக்குப் பகோடா என்பது இதுதான்.

பொறுக்கமுடியாமல் இன்று வாய் திறந்தேன். என் அக்காவின் மகள் தர்மிகா, பதினாறு வயது, பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள், ஐந்தடி பதினொன்று என்றேன். பெவர்லியின் கண் விரிந்தது. அக்கா வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. அக்கா வீட்டில்தான் சாப்பாடு, இரண்டு தெரு தள்ளி. வேதவல்லி அன்ரியும் வந்திருந்தார். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் சாதகக் கட்டோடு திரிகிறவர். இந்த ஊரில் அரைவாசிச் சம்பந்தம் அவர் கைப்பையிலிருந்துதான் பிறந்தது. சின்னப்பிள்ளைகளைக்கூட விடமாட்டார். "இன்னும் பத்து வருசம் கிடக்கு, ஆனா விபரம் வேணுமெல்லோ" என்பார்.

படம் எடுக்கும்போது எல்லாரும் நின்றோம். தர்மிகாவை மட்டும் அக்கா கதிரையில் இருத்தினாள். போன வருடமும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை நிற்கிற ஒரு குடும்பப் படமும் என் நினைவில் இல்லை.

மே 10

பெவர்லியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம், அதனால் பொறுக்கிறார் போலும்.

ஜூன் 21

நூலகத்துக்கு முன்னால் பெவர்லியைக் கண்டு ஓடிப்போய்க் கேட்டேன். சித்திரையிலேயே பேசினாராம். பிள்ளை ஐந்தடி ஆறு என்று தாயே சொன்னாராம். அந்த உயரத்தில் அவரிடம் ஏற்கெனவே ஆறு பேர் இருக்கிறார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளை ஐந்து என்று சொல்லி வீடு கேட்கிறவர்களைப் பார்த்துக் கவுன்சில் கவுண்டரில் நான் சிரிக்கிற சிரிப்பு.

இல்லை, இல்லை, என் பக்கத்தில் நிற்கிற பிள்ளை, எனக்குத் தெரியாதா என்றேன். சின்னம்மாமார் கண்ணுக்கு அக்கா பிள்ளைகள் எல்லாம் உயரம்தான் என்றார். முகம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. ஐந்தடி ஆறா? யாருடைய பிள்ளையை அளந்து சொன்னாள் அக்கா?

ஜூன் 22

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். மறைக்கவே இல்லை.

"ஓம், ஒரு பொம்பிளை போன் எடுத்து உயரம் கேட்டவ. அஞ்சடி ஆறு எண்டு சொன்னனான்."

ஏன் என்றேன்.

"ஆர் கேட்டாலும் அதுதான் வாயில வருது. வேதவல்லி அன்ரி தொடங்கி எல்லாருக்கும் அஞ்சடி ஆறு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இவவுக்கு மட்டும் வேற உயரம் சொல்ல ஏலுமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு உயரத்தைக் குறைத்துச் சொன்ன தாய் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நீ சிரிப்பாய். நீ அஞ்சடி ரெண்டு."

பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா ஐந்தடி எட்டு. ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஊற்றின தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்களாம். ஒருமுறை இல்லை, நாலு முறை. நான் அப்போது சின்னவள், அவர்கள் விட்டுப்போன பலகாரத்தைத் தின்றது மட்டும் ஞாபகம். பரமேஸ்வரன் அத்தான் சரி என்று சொல்லும்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. கலியாணப் படத்தில் அக்கா கதிரையில் இருக்கிறாள், அத்தான் பக்கத்தில் நிற்கிறார். அது அந்தக் காலத்து ஸ்டைல் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

"நான் பட்டதை அவளும் படவேண்டாம்," என்றாள் அக்கா. கீரையைக் கழுவ எழும்பிப் போய்விட்டாள்.

வெளியே வரும்போது பார்த்தேன், படிக்கட்டின் மேல்படியில் தர்மிகா. எல்லாம் கேட்டிருக்கிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன்னை எவ்வளவு சின்னதாக மடிக்க முடியுமோ அவ்வளவு மடித்து வைத்திருந்தாள்.

செப்டம்பர் 13

தர்மிகா வெல்ஸ்டெட்டில்தான் சேர்ந்திருக்கிறாள். உயிரியல், இரசாயனம், கணிதம். வீட்டுக்குக் கிட்ட என்று அக்கா தெரிந்தெடுத்த கல்லூரி. பெவர்லியிடம் போய் நிற்கச் சொன்னேன். விடுங்கள் சின்னம்மா, அம்மாவுக்குப் பிடிக்காது என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டாள். நானும் விட்டேன். அக்காவின் நாலு தேத்தண்ணிக் கோப்பை கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது எப்படி வற்புறுத்துவது?

அணியின் நிலைமை படுமோசம். பெவர்லி பெக்டனில் கண்டுபிடித்த உயரமான பிள்ளையின் குடும்பம் வேறு ஊருக்கு மாறிவிட்டது. சினேகபூர்வப் போட்டியில் இன்று மரண அடி. ரூத்தா அழகழகாகப் பந்து கொடுக்கிறாள், வாங்கிப் போட மேலே ஆளில்லை. இந்த வருடம் கடைசி இடம் என்பது என் கணிப்பு.

அக்டோபர் 4

வந்த கையோடு எழுதுகிறேன்.

தகப்பனின் காருக்குக் காத்திருந்த தர்மிகா, வெளியே மழை என்பதால் என்னோடு இருந்து பயிற்சியைப் பார்த்தாள். தலையில் ஹூட், முதுகு வழக்கம்போல வளைந்து. ரூத்தா எறிந்த பந்து கூடை வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. கீழிருந்து இன்னொரு பந்தால் அடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பெவர்லி நிலம் கூட்டுகிற தும்புத்தடி தேடிப் போனார்.

பக்கத்தில் பார்க்கிறேன், என் குடையையும் காணவில்லை, தர்மிகாவையும் காணவில்லை. குடையோடு கூடைக்குக் கீழே நிற்கிறாள். குதிக்கவில்லை. குதிக்காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, கையை மேலே நீட்டினாள். நீட்டினாள், நீட்டினாள், முடியவே இல்லை அந்தக் கை. குடை நுனியால் ஒரு தட்டு, பந்து விழுந்தது. இந்தப் பிள்ளை முழுதாக நிமிர்ந்து நின்று நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

தும்புத்தடியோடு கதவில் நின்ற பெவர்லி பெயரைக் கேட்டார். தர்மிகா சொன்னாள். பெவர்லி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐந்தடி ஆறு?" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

அக்டோபர் 24

கந்தசஷ்டி விரதம். அக்கா ஆறு நாளும் பாலும் பழமும்தான். அந்த வயிற்றோடு தொலைபேசியில் கத்தினாள். தர்மிகா தானாகவே வீட்டில் சொல்லியிருக்கிறாள், அணியில் சேர்ந்துவிட்டேன் என்று. ஆனால் பழி எனக்கு.

"உன்ர விசருக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சது?" வைத்துவிட்டாள்.

அத்தான் மட்டும் "பிள்ளை விளையாடட்டும்" என்றாராம். அத்தான் வருடத்தில் ஒருமுறைதான் வாய் திறப்பார், திறந்தால் அதை மாற்ற அக்காவாலும் ஏலாது. இந்த விரதத்தில் அவள் முருகனிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் அதே முருகனிடம் வேறொன்று கேட்கிறேன். அவர் பாடுதான் கஷ்டம்.

நவம்பர் 8

முதல் போட்டி. தோல்வி. தர்மிகா கூனிக்கொண்டு நிற்கிறாள், அவளுடைய தோளளவில் நிற்பவர்கள் வந்து தலைக்கு மேலால் பந்தை எடுத்துப் போகிறார்கள். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பெவர்லி கத்தவில்லை. அவர் கத்தி நான் கண்டதே இல்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, அவள் தலைக்கு மேலே காற்றில் தன் உள்ளங்கையைப் பிடித்தார். இதை உன் தலையால் தொடு என்றார். தொட்டாள். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அதையும் தொட்டாள். அப்படியே உள்ளே போ என்றார். அவ்வளவுதான் பயிற்சி. எனக்கு இந்த மனுசி மேல் இருக்கிற மதிப்பைச் சொல்லி முடியாது.

டிசம்பர் 6

வென்றோம்! ரூத்தா பந்தைக் கூரைக்கு எறிகிறாள், பார்க்கிறவர்களுக்கு வீணான பந்து போலத் தெரிகிறது. தர்மிகா போய் அதை மேலேயே பிடித்துப் போடுகிறாள். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு மாடி அங்கே இருக்கிறது. கடைசி இடம் என்று கணித்த வாயைக் கழுவவேண்டும்.

அக்கா இன்னும் பேசவில்லை. இதை அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

2007 பெப்ரவரி 7

அக்கா போட்டிக்கு வந்தாள். அத்தானுக்கு ஷிப்ட், பிள்ளையைக் கூட்டிப்போக வேறு ஆளில்லை. கதவடியில் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மண்டபம் முழுக்க "தார்மிகா, தார்மிகா" என்று காலால் நிலத்தை உதைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அந்தப் பெயர் சரியாக வராது, ஆனால் என்ன சத்தம்!

நான் பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து இருந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எதிரணித் தாய்மாரையே பார்த்தாள். ஒவ்வொருத்தியும் பனை மாதிரி, அவர்களின் பெண்கள் அவர்களிலும் உயரம், எழும்பி நின்று ஆரவாரம்.

"இந்த நெட்டைப் பிள்ளையளின்ர தாய்மார் எல்லாம் ஏன் இப்பிடிச் சந்தோசமா இருக்கினம்?" என்று கேட்டாள். நாலு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வசனம். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

போட்டி முடிந்து அணி விபரத் தாளை வாசித்தவள் திடுக்கிட்டாள். தர்மிகாவுக்கு நேரே ஆறடி என்று போட்டிருந்தது. பொய் என்றாள். எதிரணி பயப்படட்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் ஒரு அங்குலம் கூட்டித்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குறைக்கிறன், அவ கூட்டுறா," என்றாள். பிறகு சிரித்தாள். கோட்டைக் கழற்றினாள், ஆட்டம் முடிந்த பிறகு.

மார்ச் 21

இறுதிப்போட்டி. தோற்றோம், கொஞ்சத்தில். ரூத்தா போகிறாள், எனக்கு அது பெரிய கவலை. அக்கா பெவர்லியின் கையைப் பிடித்து, அடுத்த வருடமும் கூடைக்குக் கீழே ஆள் இருக்கிறது, யோசிக்கவேண்டாம் என்று தன் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் மூக்குச் சிந்தக் கழிவறைக்குப் போனேன். அங்கே அக்காவும் வந்தாள்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு, அக்கா வீடு. படம் எடுக்க எல்லாரையும் கூப்பிட்டார்கள். தர்மிகா பழக்கத்தில் கதிரையை இழுத்தாள். அக்கா கதிரையை வாங்கி அதில் வேதவல்லி அன்ரியை இருத்தினாள். பிள்ளையைப் பின்வரிசை நடுவில் நிற்கச் சொன்னாள். கமராவோடு நின்ற இவர் தர்மிகாவின் தலை வெட்டுப்படுகிறது, கொஞ்சம் குனியட்டும் என்றார்.

"அவள் குனிய மாட்டாள். நீங்கள் பின்னுக்குப் போங்கோ," என்றாள் அக்கா. இவர் நடந்து நடந்து சமையலறைக் கதவோடு போய் முட்டினார்.

படம் எடுத்து முடிய வேதவல்லி அன்ரி கதிரையிலிருந்தபடி திரும்பி, கழுத்தை அண்ணாந்து, பிள்ளை என்ன உயரம் என்று கேட்டார். நாலு தேத்தண்ணிக் கோப்பை.

"ஆறடி," என்றாள் அக்கா.

"போன வருசம் அஞ்சடி ஆறு எண்டனீர்?"

"ஓம் அன்ரி. வளர்ந்திட்டாள்."

தர்மிகா என்னைப் பார்த்தாள். உண்மை ஐந்தடி பதினொன்று. நான் மறுபடியும் கூரையைப் பார்த்தேன்.