சுவருக்கு அப்பால் ஒரு மூச்சு

நவம்பர் 4
ஔலுவில் என் வீட்டுக்கு சென்சார் போர்டு வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிறது. ரேடியோ அலையை அனுப்பி, ஒரு ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தொடாமலே கண்டுபிடிக்கும். கண்டதை வைத்து அது என்ன செய்ய வேண்டும் என்பதை நாங்கள்தான் நிரலாக எழுத வேண்டும். விற்பனைக்கு வருமுன் சோதித்துப் பார்க்கும் இணையக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் பேசியவள் யோருன், நார்வேக்காரி, த்ரொம்சோவிலிருந்து. "வா வா, இன்னொரு பைத்தியம்!" என்றாள். வேலை போனதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் வரவேற்றதில்லை.

நவம்பர் 6
படுக்கையறையில் துணி அலமாரிமேல் வைத்திருக்கிறேன். என் மூச்சு திரையில் ஒரு கோடாக ஏறி இறங்குகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லவும் ஒரு நிரல் எழுதினேன்.
இரண்டு என்கிறது.
வீட்டில் நான் மட்டும்தான். எங்கோ தப்பு செய்திருக்கிறேன்.

நவம்பர் 7
தப்பைக் காணோம். என் கோட்டுக்குக் கீழே இன்னொன்று, மங்கலாக. குழுவில் படத்தைப் போட்டேன். யோருன்: "உனக்கு மட்டும் பேய் புடிச்ச போர்டை அனுப்பிட்டாங்கடி." கம்பெனிப் பொறியாளர் ஆர்வோ ஹெல்சிங்கியிலிருந்து பதில் போட்டார்: "அது உங்க மூச்சோட எதிரொலிதான், ஹெல்யா. சுவத்துல பட்டுத் திரும்புது. அடுத்த அப்டேட்ல வடிகட்டிடறோம், காணாமப் போயிடும்."
நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 8
எதிரொலி என்றால் நான் நிறுத்தும்போது அதுவும் நிற்க வேண்டும், இல்லையா?
மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். என் கோடு தரையில் படுத்துவிட்டது. மற்றது தன் பாட்டுக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது.
அறையை விட்டு வெளியே வந்து சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லா விளக்கும் எரிகிறது.

நவம்பர் 9
பகல் வெளிச்சம் இருந்த கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்து, போர்டை ஒவ்வொரு சுவராக நகர்த்திப் பார்த்தேன். அலமாரிப் பக்கச் சுவரில்தான் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. என் அறையில் இல்லை — சுவருக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டில்.
குழுவில் எழுதினேன். யோருன் துள்ளினாள்: "சுவத்தைத் தாண்டியா பாக்குது!" ஆர்வோ வெகுநேரம் கழித்து, "சுவர் எதால கட்டினது? எவ்வளவு கனம்?" என்று மட்டும் கேட்டார். ஜிப்சம் பலகை, நடுவில் பஞ்சு என்று பெருமையாகப் பதில் சொன்னேன்.
பக்கத்து வீட்டு ஹில்லெவி அம்மாள் வசந்த காலத்திலேயே எஸ்போவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

நவம்பர் 11
கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரைமோ வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டேன்.
"அங்க யாரும் இல்லம்மா."
"மூச்சு விடுற மாதிரி..."
"தண்ணிக் குழாயா இருக்கும்."
கேள்வியை முடிக்குமுன் பதில் வந்தது. பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, பனியைப் பார்த்தார்.

நவம்பர் 12
கையில் ஃபோன், அதில் அந்தக் கோடு. ஹில்லெவி வீட்டுக் கதவைத் தட்டினேன்.
கோடு நின்றது.
செத்துப்போனது போல் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டது போல. நான் என் வீட்டுக் கதவைத் திறந்து, சத்தம் கேட்கும்படி சாத்திய பிறகுதான் மறுபடி ஓட ஆரம்பித்தது. வேக வேகமாக.
அந்தப் பக்கம் இருப்பவர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். யாருக்கு யார்மேல் பயம்?

நவம்பர் 17
குழுவில் இதைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. நான் ரேடியோ வைத்தால் அந்த மூச்சு நிதானமாகிறது. மாடிப்படியில் ஆண் குரல் கேட்டால் நின்றுவிடுகிறது. கேட்காமலே ஒருவருடைய தூக்கம்வரை தெரிந்து வைத்திருக்கிறேன். இது என்ன பழக்கம், ச்சீ.

நவம்பர் 21
ஆர்வோவின் அப்டேட் வந்திருக்கிறது. ஏற்றினால் இரண்டாவது கோடு போய்விடும், எல்லாரும் ஏற்றிவிட்டார்கள். நான் ஏற்றவில்லை. இரண்டு நாளாக அந்த மூச்சு சரியில்லை. சின்னதாக, அவசரமாக, நடுநடுவே அறுந்துபோகிறது. இதை அழித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்?

நவம்பர் 22
ரைமோவிடம் போய்த் திரையைக் காட்டினேன். "யாரா வேணா இருக்கட்டும், சாகக் கிடக்காங்க. நீங்க திறக்கிறீங்களா, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"
"ஆம்புலன்ஸ் வேணாம்!" கையைப் பிடித்துக்கொண்டார். "அதை ஓட்டறவனே அவ புருஷன்தான்."
ஹில்லெவியின் அக்கா மகளாம். பெயர் சைலா. அவனுக்குப் பயந்து கோடையிலிருந்து அங்கேதான் ஒளிந்திருக்கிறாள். ரைமோதான் சாப்பாடு கொண்டுபோகிறார்.
ரைமோ கதவைத் திறந்தார். தரையில் கிடந்தாள், என் அலமாரிச் சுவரில் முதுகைச் சாய்த்து. உடம்பு கொதித்தது. என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அவன் அனுப்பினானா?"
"இல்ல, நான் பக்கத்து வீடு. ஹெல்யா."
"ரேடியோ வைக்கிறது நீயா?" என்றாள். அப்புறம்தான் கையைக் கொடுத்தாள்.
உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அவன் வருவான் என்று, என் காரில் அடுத்த ஊர் கெமி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினோம். ரைமோ பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் கலைமான்கள் ரோட்டில். நான் கத்தினேன், அழுதேன், என்னென்னவோ பண்ணினேன். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருக்கிறதாம். சொந்தப் பெயர் வெளியே தெரியாமல் படுக்கை கொடுத்தார்கள்.

நவம்பர் 29
பிழைத்துவிட்டாள். அங்கிருந்தே வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
பார்க்கப் போனபோது கேட்டாள்: "எப்படித் தெரிஞ்சுது, நான் இருக்கேன்னு?"
சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேனா?
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அந்த மாதிரி ஒண்ணு அவனுக்குக் கிடைக்குமா?" என்றாள்.

நவம்பர் 30
சேர்த்து வைத்திருந்த பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். ஆர்வோ ஃபோன் செய்தார். "அந்தச் சுவர் விஷயம்... பதிவு இருந்தா அனுப்புங்களேன்." எதுவும் இல்லை, நீங்கள் சொன்னதுபோல் எதிரொலிதான் என்றேன். சிரித்தார். "பரவால்ல. நீங்க குழுவுல போட்ட படமே போதும்."

டிசம்பர் 13
குழுவிலிருந்து விலகிவிட்டேன். யோருன் மட்டும் காரணம் கேட்டாள். அவளிடம் சொன்னேன். அவளும் விலகிவிட்டாள்.

ஜனவரி 16
போர்டு விற்பனைக்கு வந்துவிட்டது. அப்டேட்டில் வந்த வடிகட்டி இப்போது இல்லை. அறிவிப்பில் பெரிய எழுத்தில்: சுவருக்கு அப்பாலும் உணரும். கீழே, "இதை முதலில் கண்டறிந்த எங்கள் ஔலு நகரத் தோழிக்கு நன்றி." யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முதல் தொகுப்பு தீர்ந்துவிட்டதாம்.
யார் யார் வாங்கினார்கள்?

ஜனவரி 19
ரைமோ காலையிலேயே சௌனா என்கிற நீராவிக் குளியலறைச் சுவருக்கு ஒட்டுகிற அலுமினியத் தாளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஹில்லெவி அம்மாள் எஸ்போவிலிருந்து சொல்லியிருக்கிறாள், வீடு மறுபடி வேண்டியிருக்கிறது என்று. ஒளிய வருபவரின் பெயர் அவருக்கும் தெரியாது. என் பக்கச் சுவர், மாடிப்படிப் பக்கம், கதவின் உட்புறம், எல்லாவற்றிலும் ஒட்டினோம். ஓரங்களை மடித்துப் பின் அடித்தேன். போர்டை வைத்துப் பார்த்தால் ஓர் இடத்தில் அலை கசிந்தது, அதன்மேல் இன்னொரு தாள்.
சாயங்காலம் படியில் பூட்ஸ் சத்தம். பக்கத்துக் கதவு திறந்து மூடியது. ஏதோ நாற்காலியை இழுக்கிறார்கள். இருமல்.
போர்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். ஒரே ஒரு கோடு. என்னுடையது.
நாளைக்கு ரைமோவோடு, கீழ்வீட்டுக் கூரை வழியாக அலை ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.