கஞ்சி போன துணி

ஐப்பசி, 1934. செவ்வாய்.

எங்கள் ரயில்வே டிராயிங் ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த ரயில் பெட்டி வரைபடம் ஒன்றைக் காணவில்லை. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மெல்லிய துணியில் வரைந்தது. எங்கள் ஆபீஸ் பியூன், கருமத்தம்பட்டி அந்தோணி, அதை வெந்நீரில் கஞ்சி போக அலசி மகளுக்குச் சட்டை தைத்துவிட்டான். வேண்டாத வரைபடங்களை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

"வேஸ்ட் துணின்னு எடுத்துப்போட்டேனுங்க, துரை."

துரை கோடு போடும் டி-ஸ்கொயர் கட்டையால் அவனை அடித்தார். அது முறிந்ததும் பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தார். பல் தெறித்து என் மேஜைக்கடியில் விழுந்தது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு துரை கையில் தெறித்த ரத்தத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். அந்தக் கைக்குட்டை, போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அதே மாதிரி வரைபடத் துணியை அலசித் தைத்து அவருக்குக் கொடுத்தது. ஈரம் பட்டதும் அதன் மூலையில், அலசியும் போகாத ஒரு சக்கரத்தின் கோடு தெரிந்தது. துரை கவனிக்கவில்லை. தரையில் கிடந்த அந்தோணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.